மீன்வினவியும் முளையில் கட்டிய கொடுவாவும்

நிலத்தை ஐந்தாக வகுத்து, ஒவ்வொரு நிலத்துக்கும் தெய்வமும் உணவும், மரமும் புள்ளும், பறையும் யாழும் இவையிவை என்று எழுதிவைத்த நம் முன்னோர், நெய்தல் நிலத்துக்கு உரிய கருப்பொருள்களில் ஒன்றை மட்டும் எப்படியோ மறந்துபோனார்கள். கடற்காகத்தை எழுதினார்கள், சுறாவை எழுதினார்கள், புன்னையையும் தாழையையும் எழுதினார்கள். புன்னைக்கும் தாழைக்கும் நடுவே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை முன்னே நீட்டிக்கொண்டு அன்றும் நின்றிருக்கக்கூடிய ஓர் உயிரை எழுதவில்லை. அக்குறையை இங்கே நீக்கிவிடுவோம். அவ்வுயிரின் பெயர் மீன்வினவி.

மீன்வினவி மீன் பிடிப்பதில்லை; விற்பதில்லை; வாங்குவதில்லை. பல வேளைகளில் தின்பதும் இல்லை. ஆயினும் சாந்தோம் மணலிலிருந்து திருவான்மியூர்க் கரை வரையில் எவரேனும் ஒருவர் ஒரு கோலையும் ஒரு நூலையும் எடுத்துக்கொண்டு, உலகத்தின் தொல்லையிலிருந்து ஒரு நாழிகை ஒதுங்கியிருக்கலாமே என்று தண்ணீரோரம் போய்க் குந்தினால் போதும், எந்தத் தெருவிலிருந்து எந்த வேலையாய்ப் புறப்பட்டிருந்தாலும், மருந்து வாங்கப் போகிறவராய் இருந்தாலும், மகளுக்கு வரன் பார்க்கப் போகிறவராய் இருந்தாலும், மீன்வினவி அங்கே வந்து நின்று, தொண்டையைச் செருமி, “ஏதாவது விழுந்துதா?” என்று கேட்கும். கேட்டே தீரும். பிறகு இரை என்ன என்று கேட்கும். முள் எந்த அளவு என்று கேட்கும். எதற்கு விடை சொன்னாலும் உதட்டைப் பிதுக்கும். “நேத்து பார்த்திருக்கணும் நீ! இதோ, இப்படிப் பத்தடி தள்ளி ஒருத்தன் போட்டான்...” என்று தொடங்கும். மீன்வினவி கண்ட பெருமீன்கள் எல்லாம் நேற்றே விழுந்தவை. எல்லாம் பத்தடி தள்ளி விழுந்தவை. இன்று, இந்த இடத்தில், இந்த மனிதருடைய தூண்டிலில் ஒரு பெருமீன் விழுந்ததாக அவ்வினத்தின் வரலாற்றில் சான்றே இல்லை.

இப்பெருங்குலத்தின் திலகமாக விளங்கியவர் மந்தைவெளி மாசிலாமணி முதலியார்.

முதலியார் பரம்பரைச் சைவர். ஓய்வுபெற்ற தாலுகாக் கச்சேரி எழுத்தர். விடியலில் நீராடி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கபாலீசுவரர் சந்நிதியில் இரண்டு பதிகம் ஓதிவிட்டு, கடற்காற்று நெஞ்சுக்கு நல்லது என்னும் காரணத்தை முன்னிட்டு அடையாற்று முகத்துவாரத்துக்கு எட்டு ஆண்டுகளாக நாள் தவறாமல் நடந்துவந்தார். வீட்டில் பூண்டுகூட நுழையாது. மீனை அவர் நாவு அறியாது, விரலும் அறியாது. கண் மட்டும் அறியும். கண் அறிந்தது போதாதா? நாற்பது வகை மீனுக்குப் பெயர் சொல்வார். எதில் முள் மிகுதி, எதற்கு எந்த மாதத்தில் கொழுப்பு ஏறும், எது குழம்புக்கு, எது வறுவலுக்கு என்று தீர்ப்பு வழங்குவார். தின்றவர்கள் யாராவது மறுத்துச் சொன்னால், “உனக்குத் தின்னத்தான் தெரியும்” என்று வாயை அடைத்துவிடுவார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், முகத்துவாரத்தில் இனாயத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். மந்தைவெளியில் தையற்கடை வைத்திருப்பவர். வெள்ளிதோறும் கடைக்கு விடுமுறை. நல்ல மனிதர், ஊசியைப் போலவே அதிகம் பேசாதவர். முதலியார் வந்தார்.

“என்ன இனாயத்து, விடியறதுக்கு முன்னமே வந்து குந்திட்டியா? ஏதாவது விழுந்துதா?”

“ஒண்ணியும் இல்ல, மொதலியார் சாப்.”

இவ்விடத்தில் தூண்டிற்காரர்களின் மரபு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் வாய்மை தவறாதவர்கள். இந்த ஒரு வினாவுக்கு மட்டும் உண்மை சொல்லமாட்டார்கள். காலடியில் மீன் துள்ளிக்கொண்டிருந்தாலும் ‘ஒன்றும் இல்லை’ என்பதே விடை. சொன்னால் கண்ணேறு படும். அடுத்த மீன் வராது. ‘ரெண்டு சின்னது’ என்று எவராவது விடையளித்தால், அவருக்கு அன்று உண்மையிலேயே ஒன்றும் அகப்படவில்லை, மானத்துக்காகச் சொல்கிறார் என்று கொள்ள வேண்டும். இந்த மரபை மீன்வினவியும் நன்கு அறியும். ஆகவே ‘ஒண்ணியும் இல்ல’ என்ற சொல் காதில் விழுந்ததுமே முதலியாருடைய கண் கூடையைத் தேடிற்று. கூடை கவிழ்ந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. முதலியார் கலங்கிப்போனார்.

“இன்னிக்கு என்ன விசேஷம்? வழக்கமா எட்டு மணிக்கு மேலதானே வருவே?”

இனாயத் சிறிது நேரம் மிதவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன்வினவியிடமிருந்து விடுபட இரண்டே வழிகள். ஒன்று எழுந்து போவது, மற்றொன்று விடை சொல்வது.

“மச்சான் வர்றாரு, சாப். ஜும்மா தொழுக முடிஞ்சி நேரா ஊட்டுக்குச் சாப்பாட்டுக்கு வர்றாரு.”

“யாரு, திருவல்லிக்கேணி அத்தர்க்கடைக்காரரா? அவர்தான் உங்க வீட்டு வாசப்படியே மிதிக்கிறதில்லைன்னு கேள்வி?”

“ஆறு வருசம் ஆச்சி. அன்னிக்கி இந்தத் தூண்டிலப் பாத்துட்டு, ‘ஒன் தூண்டில நம்புனா என் தங்கச்சி உப்புத் தண்ணியில ரொட்டி தோச்சித்தான் துண்ணணும்’னு சொன்னாரு. நானும் ஒண்ணு சொன்னேன். எந்திரிச்சிப் போயிட்டாரு. எங்க ஊட்டுக்காரி ஜமீலா அதிலேந்து ஒவ்வொரு பெருநாளுக்கும் வாசலப் பாத்துக்கினே இருப்பா. இப்பதான் மனசு எறங்கி வர்றேன்னிருக்காரு. நானும் ரோசத்துல, ‘வாங்க, என் தூண்டில்ல வந்த கொடுவாவ ஒங்க தட்டுல வெக்கிறேன்’னு காயிதம் எழுதிட்டேன்.”

“கொடுவாவா! இந்த நூலுக்கா? அதுவும் இந்த இடத்துலயா? நேத்து பார்த்திருக்கணும் நீ, பத்தடி தள்ளி...”

இனாயத் எழுந்தார். இரை தீர்ந்துவிட்டது, சேற்றோரம் போய் நாலு இறால் அரித்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறால் அரிக்கும் கூடையுடன் அப்பால் நடந்தார்.

தனித்து நின்ற முதலியாரின் பார்வை தரையில் அடித்திருந்த ஒரு மூங்கில் முளையில் பட்டது. முளையில் ஒரு நூல். பொத்தான் தைக்கும் முறுக்கு நூலை மூன்று புரியாகத் திரித்தது. நூலின் மறுமுனை தண்ணீருக்குள். நூல் அசைந்தது.

தாங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பார்த்தும் பாராமல் போயிருப்பீர்கள் அல்லவா? இருக்கட்டும்.

பிடித்த மீனின் செவுளில் நூலைக் கோத்து, முளையில் கட்டித் தண்ணீருக்குள்ளேயே விட்டுவைப்பது தூண்டிற்காரர்களின் வழக்கம். சட்டி ஏறும் வரை உயிரோடு இருக்கும். இனாயத் விடியலிலேயே கொடுவாவைப் பிடித்துவிட்டார். குழம்புக்கு அது ஆயிற்று, வறுவலுக்கு இன்னொன்று கிடைக்குமா என்றுதான் அமர்ந்திருந்தார். முதலியார் குனிந்தார். நூலை இழுத்துப் பார்த்தார், கனத்தது. முழுதும் தெரியவில்லை. முளையிலிருந்து முடிச்சை அவிழ்த்தால் இன்னும் கொஞ்சம் மேடேற்றலாம் என்று தோன்றிற்று, அவிழ்த்தார், வெள்ளி வார்த்தாற்போன்ற அந்த உடம்பு மேலே வந்தது, அளந்துவிடலாம் என்று, எட்டு ஆண்டுகளில் முதன்முறையாக, கையை விரித்து ஒரு சாண் வைத்தார். மீன் வழுவழுவென்று இருக்கும் என்பதை நாற்பது வகை மீனுக்குப் பெயர் தெரிந்த அம்மனிதரிடம் யாரும் சொன்னதில்லை. “சிவ சிவா!” என்று இரண்டு கையையும் ஒருசேர உதறினார். கொடுவா ஒரு புரள் புரண்டது. நூலையும் வாலுக்குப் பின்னே இழுத்துக்கொண்டு, ஆற்றுக்கும் கடலுக்கும் பொதுவான அந்தப் பச்சை நீரில் மறைந்தது.

இனாயத் திரும்பி வந்தபோது முதலியார் முளையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

“சாப்... இன்னா பண்ணீங்க?”

“சும்மா பார்க்கலாம்னு...”

சும்மா பார்க்கலாம் என்று! மீன்வினவிகளின் மறை முழுவதும் இந்த இரண்டு சொற்களில் அடக்கம்.

இனாயத் கத்தவில்லை. இறாலை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டார்.

“பாத்தீங்களா?”

“பார்த்தேன்.”

“எப்டி இருந்திச்சி?”

“நல்லா... நல்லா இருந்துது, இனாயத்து.”

“நீங்களாவது பாத்தீங்களே.”

முதலியார் ஈரக்கையை மேல்துண்டில் துடைத்தார். “சாந்தோமில ஒண்ணு வாங்கித் தந்துடறேன். யாருக்குத் தெரியப்போகுது?” என்றார்.

“வாங்குன மீன வெச்சிக்கினு நான் புடிச்சதுன்னு சொல்லவா? இன்னிக்கி ஜும்மா, சாப்.” இனாயத் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வெறுங்கூடையுடன் வீட்டை நோக்கி நடந்தார்.

முதலியார் வேறு திசையில் நடந்தார்.

சாந்தோம் குப்பத்துக் கரையில் கட்டுமரங்கள் கரையேறும் நேரம். கெங்கம்மா கூடைக்கு முன்னே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கூடையை முதலியார் எட்டு ஆண்டுகளாக வாரம் இருமுறை ஆராய்ந்து வந்திருக்கிறார்.

“இன்னா மொதலியாரே, வந்து இம்மாந்நேரம் ஆச்சி, எந்த மீனுக்கும் இன்னும் நொட்ட சொல்லல? ஒடம்பு கிடம்பு செரியில்லியா?”

“கெங்கம்மா, ஒரு கொடுவா வேணும்.”

கெங்கம்மா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். “அடியே, அல்லாரும் இங்க வாங்கடி! மொதலியாரு மீனு வாங்குறாராம்! எட்டு வருசமா என் கூடைய மோந்து மோந்தே ருசி கண்டுக்கினாரு போல கீது!”

“எனக்கில்லை, கெங்கம்மா.”

“மொத தபா வர்ற அல்லாரும் அப்டித்தான் சொல்லிக்கினு வருவாங்க. வெக்கப்படாத, நைனா. பொண்டாட்டிக்கிச் சொல்லமாட்டேன்.”

இருந்த கொடுவா ஒன்றே. முதலியார் அதில் எந்தக் குற்றமும் காணாமல் பெற்றுக்கொண்டார். அது ஒன்றே கெங்கம்மாவை உண்மையில் கவலைக்குள்ளாக்கிற்று. ஓலையில் பொதிந்து தரக்கூடாதா என்று கேட்டார். “இன்னாத்துக்கு? நல்ல மீனு, நாலு பேரு பாக்கட்டும்” என்று பனைநாரைச் செவுளில் கோத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

அன்பரே, நெற்றியில் திருநீறும் கழுத்தில் உருத்திராக்கமுமாக ஒரு முதியவர், நார் முனையை இரு விரலால் பற்றி, தம் உடம்புக்கும் மீனுக்கும் இடையே எத்தனை தொலைவு இயலுமோ அத்தனை தொலைவு கையை நீட்டிக்கொண்டு, உச்சிவெயிலில் சாந்தோமிலிருந்து மந்தைவெளி வரை நடந்த காட்சியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மயிலாப்பூரில் மீன்வினவிகள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அவர் அன்றுதான் அறிந்தார். வண்டிக்காரர் வண்டியை நிறுத்தி, எந்தக் கரையில் விழுந்தது என்று கேட்டார். தபாற்காரர் கடிதத்தை ஒருவர் கையில் நீட்டியபடியே, முள் அதிகமோ என்று கேட்டார். அவரோடு நாள்தோறும் சந்நிதியில் நிற்கும் பக்கத்துத் தெரு வக்கீல் குமாஸ்தா மூக்கைப் பொத்திக்கொண்டு, மூக்கைப் பொத்தியதனால் வாய் ஓய்ந்துவிடாமல், “என்ன ஓய், ஆத்துல விசேஷமோ?” என்று கேட்டார். முதலியார் எவருக்கும் விடை கூறவில்லை. வினவுவோர் எத்தனை பேர் வினவினாலும், வினவப்படுவோன் ஒருவனே என்ற பேருண்மை அவருக்குப் புலப்படத் தொடங்கியிருந்தது.

இனாயத்தின் தெருமுனையில், வெல்வெட்டுக் குல்லாவும் கருப்புக் குடையுமாக, டிராமிலிருந்து இறங்கி வந்த ஒரு பெரியவர் வழிமறித்தார். அத்தர் மணந்தது.

“நில்லுங்க, நில்லுங்க. கொடுவாதானே? எங்க விழுந்திச்சி?”

முதலியார் நடக்க முயன்றார். குடை முனை செவுளைத் தூக்கிற்று. பெரியவர் குனிந்து முகர்ந்தார்.

“வலை மீனு. வாயில முள்ளு குத்துன தடம் இல்ல பாருங்க. செதிலு வலை நூல்ல ஒரசிக் கீது. குத்தம் இல்ல, ஆனா வலை மீனு வலை மீனுதான். நேத்து எங்க பக்கத்து மார்க்கெட்டுல நீங்க பாத்திருக்கணும்...”

‘நேத்து’ என்ற அச்சொல்லைக் கேட்டதும் முதலியாருக்கு உடம்பு சிலிர்த்தது. இவர் யார் என்பதும், எந்த வீட்டுக்குப் போகிறார் என்பதும் ஒரே கணத்தில் விளங்கின. விளங்கி என்ன பயன்? இருவரும் ஒரே வாசலில்தான் போய் நின்றார்கள்.

இனாயத் கதவைத் திறந்தார். மச்சானைக் கண்டார், மீனைக் கண்டார்.  உள்ளே திரைக்குப் பின்னால் வளையல் ஓசை கேட்டு நின்றது. ஆறு ஆண்டுகளாக வாசலைப் பார்த்திருந்த ஜமீலுன்னிசா அங்கே நின்றிருந்தாள்.

“அஸ்ஸலாமு அலைக்கும், மாப்ளே,” என்றார் மச்சான் குலாம் முகம்மது. குரலில் பழைய முள் இருந்தது. “காயிதத்துல எழுதுன கொடுவா இதானா? ஒன் தூண்டில்ல வந்ததா?”

“இல்ல” என்றார் இனாயத். “இது என் மீனு இல்ல.”

“பின்ன ஒன் மீனு எங்க?”

 போனது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தப்பிப்போன மீனைப் பற்றிச் சொல்லாத தூண்டிற்காரர் உலகத்தில் உண்டா? குலாம் முகம்மது குடையை மற்றைக் கைக்கு மாற்றிக்கொண்டார். வந்த வழியே திரும்புகிற மனிதர் முதலில் குடையைத்தான் மாற்றிக்கொள்வார்.

“ஐயா!” என்றார் முதலியார். “அந்த மீனை அவிழ்த்து விட்டவன் நான். முளையில கட்டி வெச்சிருந்தார். சும்மா பார்க்கலாம்னு அவிழ்த்தேன். கையிலேயும் பிடிச்சேன். இது அதுக்குப் பிராயச்சித்தம்.”

குலாம் முகம்மது அவரை ஏற இறங்கப் பார்த்தார். திருநீற்றைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், மறுபடியும் திருநீற்றைப் பார்த்தார்.

“நெத்தியில பட்டையப் போட்டுக்கினு, கையில மீனப் புடிச்சிக்கினு, பட்டப்பகல்ல தெருவுல வந்து நிக்கிறவரு பொய் சொல்லமாட்டாரு” என்றார். அவர் கண்ணில் ஒளி வந்தது. “எம்மாம் நீளம் இருந்திச்சி?”

முதலியார் மீனை இனாயத்திடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

“அம்மாம் நீளமா! வாய் பெருசா? முள்ளு எங்க குத்தியிருந்திச்சி?”

“மேலுதட்டுல. கண்ணு செம்பொன் மாதிரி. புரண்டுது பாருங்க ஒரு புரள்...” கைகள் இன்னும் சற்றே விரிந்தன.

“எந்த எடத்துல? முகத்துவாரத்துக்கு இந்தாண்டையா அந்தாண்டையா?”

“சொன்னா விளங்காது. பார்க்கணும்.”

“பாத்துட்டா போச்சி!”

மீன் சட்டிக்குப் போயிற்று. இரண்டு பெரியவர்களும் ஆற்றுக்குப் போனார்கள். குழம்பு கொதித்து இறங்கி, சோறு ஆறி, ஜமீலுன்னிசா மூன்றுமுறை வாசலுக்கு வந்து பார்த்து, இறுதியில் இனாயத் ஓட்டமும் நடையுமாகப் போனபோது, அவ்விருவரும் வெறும் முளையின் இருபுறமும் குந்திக்கொண்டு, மீன் எந்தக் கோணத்தில் பாய்ந்தது என்று சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். மீன் அதற்குள் ஓர் ஆள் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. இழுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

சாப்பாடு மூன்று மணிக்கு. முதலியார் உண்ணவில்லை, வெளியே முக்காலியில் அமர்ந்து வெற்றிலை போட்டார். ஆனால் ஒவ்வொரு கவளத்துக்கும், “உப்பு சரியா இருக்கா? முள் பதமா வெந்திருக்கா?” என்று உள்நோக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இது நல்லாத்தான் கீது” என்றார் குலாம் முகம்மது. “ஆனா அது இருந்தா அதோட ருசியே தனி. மாப்ளே, ஒன் தூண்டில நான் கொறச்சி எட போட்டுட்டேன்.”

 திரைக்குப் பின்னிருந்து ஜமீலுன்னிசாவின் குரல் வந்தது: “ஆறு வருசம் கழிச்சி வந்திருக்காரு பாய்ஜான். மீனு எப்டி இருந்திச்சின்னு ஆயிரம் தபா கேட்டாச்சி. தங்கச்சி எப்டி இருக்கான்னு ஒரு வார்த்த இல்ல.”

குலாம் முகம்மது குனிந்துகொண்டார்.  பிறகு வெறுந்தட்டைத் திரையின் பக்கமாக நீட்டி, “ஜமீலா, இன்னும் கொஞ்சம் போடும்மா” என்றார்.  அவள் தட்டு நிறையப் போட்டாள்.

இவ்வினத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. இவர்கள் நல்லவர்களா தீயவர்களா என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. ஒரு குடும்பத்துச் சோற்றைப் பறிகொடுக்கச் செய்ததும் இவ்வினந்தான். அதைத் திரும்ப ஊட்டியதும் இவ்வினந்தான். ஆனால் இதுவரையில் பொறுமையோடு படித்துவந்த தங்கள் முகத்தில் ஏதோ ஒரு தவிப்புத் தெரிகிறதே? அண்ணனும் தங்கையும் பிறகு என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்பதற்கா வாயெடுக்கிறீர்கள்? இல்லையே. ‘அதெல்லாம் இருக்கட்டும், அந்தக் கொடுவா மெய்யாகவே எத்தனை முழம்?’ என்றுதானே?

ஐயா, சற்றே தள்ளி நில்லுங்கள். தங்கள் நிழல் தண்ணீரில் விழுகிறது.